நண்டின் பக்கத்து விரல்

மதிப்பீட்டுக்கு வந்திருந்த ஆய்வுக்கட்டுரையின் படத்தில், நண்டின் அளவு தெரிவதற்காக வைத்திருந்த கட்டைவிரலின் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. அதை எங்கே பார்த்தோம் என்று பேராசிரியர் சுகிர்தாவுக்குப் பிடிபடவில்லை. ஆய்விதழில் கட்டுரை எழுதியவரின் பெயரை நீக்கித்தான் மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். ஆள் தெரியாமல் படித்தால்தான் தீர்ப்பு கோணாது. ‘நிராகரிக்கலாம்’ என்று எழுதி முடித்தபோது நினைவு வந்துவிட்டது. அவளுடைய பழைய மாணவன் இசக்கியப்பன். “உங்ககிட்ட எவனும் குப்பை கொட்ட முடியாது மேடம்!” என்று அவன் கத்த, அவள் கதவை அறைந்து சாத்தியபோது கதவு நிலையில் அவன் கட்டைவிரல் இருந்தது; நகம் அன்று பிளந்ததுதான். இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் அவனுக்கு முனைவர் பட்டம். மறுத்தது கோபமா, ஏற்றால் அது குற்றவுணர்வா? அவளுக்கே தெரியவில்லை. எழுதியதை அழித்துவிட்டு இதழாசிரியருக்கு எழுதினாள்: “இந்த விரலை எனக்குத் தெரியும். கட்டுரையை வேறொருவருக்கு அனுப்புங்கள். அதற்குமுன், விரலுக்குப் பதில் அளவுகோல் வைத்த படமாகக் கேட்டு வாங்குங்கள்.”