ஒன்பது வரி

"ஏம்மா அனுசுயா, ரிப்போர்ட்ல 'காரணம்: எழுதியவர் தவறு'ன்னு ஒரு வரி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. விஷயம் முடிஞ்சுரும்."

"போட மாட்டேன் சார். புரோகிராம்ல தப்பே இல்ல."

மெய்யநாதனுக்கு எரிச்சலாக வந்தது. காரைக்குடியில் பன்னிரண்டு பேரை வைத்துச் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துபவர் அவர். மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கிக்குச் செய்து கொடுத்த மென்பொருள், நர்ஸ் எந்த ரத்தம் இருக்கிறதென்று தேடும்போதெல்லாம் பொசுக்கென்று நின்று போனது.

"தப்பு இல்லாம எப்படிம்மா நிக்கும்?"

"கம்பைலர்லதான் தப்பு சார்."

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கம்பைலர் என்பது எழுதிய புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கருவி. உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் பயன்படுத்துவது.

"அம்புட்டுப் பேருக்கும் சரியா இருக்கு, நமக்கு மட்டும் தப்பாக்கும்? ஒரு வாரம் பாருங்க. இல்லாட்டிக் கையெழுத்துப் போட்டுட்டு முழுசையும் புதுசா எழுதுங்க."

அனுசுயா பதினோராயிரம் வரிகளில் ஒவ்வொரு பகுதியாக நீக்கி ஓட்டிப் பார்த்தாள். நின்றது. இன்னும் நீக்கினாள். அப்போதும் நின்றது. நான்காம் நாள் மிஞ்சியது ஒன்பதே வரி, பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கூட்டல் கணக்கு. அதுவும் நின்றது!

அதே ஒன்பது வரிகளைக் கம்பைலரின் பழைய பதிப்பில் போட்டாள். ஜோராக ஓடியது.

அவற்றை அப்படியே, கம்பைலரைச் செய்தவர்களுக்கு அனுப்பினாள். ஏழாம் நாள் காலை பதில் வந்தது.

'தவறு எங்களுடையது. திருத்திவிட்டோம். கண்டுபிடித்ததற்கு நன்றி.'

திருத்திய கம்பைலரைப் போட்டதும், ஒரு எழுத்துக்கூட மாற்றாத அதே மென்பொருள் நாள் முழுக்க நிற்காமல் ஓடியது. சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து அழைத்துப் பாராட்டினார்கள். சிரித்தவர்களே கை தட்டினார்கள்.

"செயிச்சுட்டீகம்மா!" மெய்யநாதன் எழுந்தே நின்றுவிட்டார். "என்ன வேணுமோ கேளுங்க."

"ஒரு போன் நம்பர் வேணும் சார். யாரோடதுன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் முகம் மாறியது. தயங்கித் தயங்கி எழுதிக் கொடுத்தார். அவர் எதிரிலேயே அனுசுயா அழைத்தாள்.

"உதயகுமார் சாரா பேசுறீக? என்னைய உங்களுக்குத் தெரியாது. போன மாசம், ரத்த வங்கி புரோகிராம் தப்புன்னு உங்களை வேலைய விட்டு நிப்பாட்டிட்டு, உங்க எடத்துல ஒருத்திய சேத்தாகள்ல, அந்த அனுசுயா பேசுறேன். நீங்க எழுதுன புரோகிராம்ல ஒரு தப்பும் இல்ல சார்!"