கிரேக்க மூக்கு

"பழசெல்லாம் இல்லீங்க சாகிப். போன குளிர்காலத்துல நானே சுட்ட பொம்மை!" என்றான் மிர்பாஸ், ஐந்தாவது தடவையாக.

தொல்லியல் அதிகாரி இஃப்திகார் சாகிப் சிரித்தார். அவர் கையில் இருந்தது ஒரு சுடுமண் பெண் தலை. மிர்பாஸ் எங்கிருந்தோ கொண்டுவந்து மகளுக்கு விளையாடக் கொடுத்தது. அது அவன் வயலில் கிடைத்தது என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். இரண்டாயிரம் வருடப் பழசு என்று சாகிப் எழுதிவிட்டால், மிர்பாஸின் கரும்பு வயல் மொத்தமும் அகழாய்வுக்குப் போய்விடும்.

"நீ செஞ்சியா? மூக்கைப் பாருய்யா! நெத்தியிலேருந்து நேரா எறங்குது. சுருள் முடி, உதட்டோரம் சின்னச் சிரிப்பு. அசல் கிரேக்கக் கைவரிசை. நீ எந்த ஊர் கிரேக்கன்?"

திரைக்குப் பின்னால் பச்சைத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் மிர்பாஸின் மனைவி ஸ்போக்மை. வயலைப் பிடுங்க வந்தாலும் வாசலுக்கு வந்தவர் விருந்தாளி. அதே வயலின் வெல்லத்தையும் தட்டில் வைத்து அனுப்பினாள்.

சாகிப் வெல்லத்தைக் கடித்தபடி பாடம் எடுத்தார். "முன்னெல்லாம் நம்மாளுங்க கையால கிள்ளிக் கிள்ளித்தான் பொம்மை செஞ்சாங்க. அச்சுல அழுத்தி முகம் எடுக்கறது கிரேக்கர் இந்தப் பக்கம் படையெடுத்து வந்தப்புறம் வந்த வித்தை. முப்பது வருஷ சர்வீஸ்யா எனக்கு. பழசா புதுசான்னு பத்தடி தள்ளி நின்னே சொல்லுவேன்."

"அப்ப உங்க எதிர்லயே ஒண்ணு செஞ்சு காட்டட்டுமா?"

ஸ்போக்மைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஊரில் அடுப்பு போடுவதும் தானியக் குதிர் கட்டுவதும் பெண்கள் வேலை. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இந்த மனுஷன் ஒரு பிடி மண் பிசைந்ததில்லை. ஆனாலும் அடுப்புக்குப் பூச வைத்திருந்த களிமண்ணைத் திரைக்கு அடியில் அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

மிர்பாஸ் மடியிலிருந்து ஓர் அச்சை எடுத்தான். கருத்து, விளிம்பு உடைந்திருந்தது. மண்ணைத் திணித்துக் கட்டைவிரலால் அழுத்தினான். சாகிப் மூன்று கோப்பை தேநீர் குடித்து முடித்ததும் மெல்ல உரித்தெடுத்தான்.

அதே நேர் மூக்கு. அதே சுருள் முடி. இடது புருவத்தின் மேல் அதே சின்னத் தழும்புகூட.

சாகிப்பின் முகம் செத்துப்போனது. அச்சை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அருவருப்போடு கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"போலி! அதுவும் படுமட்டமான போலி! பெட்ரோல்தான் தண்டம்."

'இந்நிலத்தில் பழம்பொருள் ஏதுமில்லை' என்று எழுதி, முப்பது வருட அனுபவத்தையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஜீப் மறைந்ததும் ஸ்போக்மை ஓடிவந்தாள். வயல் பிழைத்த சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏங்க, எனக்கே தெரியாம இந்த வேலைய எப்பக் கத்துக்கிட்டீங்க?"

"நான் எங்க கத்துக்கிட்டேன்?" மிர்பாஸ் கையைக் கழுவினான். "தலையும் அச்சும் நம்ம வயல்ல ஒரே குழியிலதான் கெடந்துச்சு."