அடியில் ஒரு கை

பால் தெளித்தாயிற்று. சாம்பல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் குந்தி உட்கார்ந்து அக்காவின் எலும்புகளைப் பொறுக்கினான்.

காலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார் ஏகாம்பரம், மயானத்தில் வேலை பார்ப்பவர். அவன் கால் எலும்பைத் தேடினான். கைக்குக் கிடைத்தது கம்பி.

எஃகுக் கம்பி. அக்கா பள்ளியில் படிக்கும்போது தொடை முறிந்ததற்கு உள்ளே வைத்தது. நெருப்பு அதை ஒன்றும் செய்யவில்லை.

ஏகாம்பரம் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

அக்காவுக்கு வளர்மதி என்று பெயர். நாலடிகூட வளரவில்லை. அதைச் சொல்லி முதலில் சிரிப்பவளும் அவள்தான். பிறவியிலேயே அவள் மரபணுவில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. எலும்பைக் கட்டும் செல்கள் அந்தப் பிசகைப் பார்த்தே கட்டின. பலமாகத் தும்மினால் விலா முறியும்.

அவளைத் தூக்குவதற்கு வீட்டில் ஒரு முறை உண்டு. அடியில் ஒரு கை, கழுத்தில் ஒரு கை. அம்மாகூட அவளைக் கட்டிக்கொண்டதில்லை.

அவன் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்று அக்கா சொன்னாள்.

"பெருசா ஒண்ணும் கிழிக்க வேணாம். என்னை ஒருநாள் இறுக்கிக் கட்டிப் புடிக்கிற மாதிரி மருந்து கண்டுபிடிடா, போதும்."

பாதி கண்டுபிடித்துவிட்டான். அதே பிசகோடு பிறந்த எலிகளுக்குப் போன மாதம் எலும்பு கெட்டிப்பட்டது. எலிகளுக்குக் கொடுப்பினை இருக்கிறது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க இன்னும் பல வருஷம் ஆகும்.

அக்காவுக்கு ஒரு நெஞ்சுச் சளி போதுமானதாக இருந்தது.

சட்டைப் பையில் ஆய்வுக்கூடத்துச் சிறு குப்பி ஒன்று உறுத்தியது. ஒரு துண்டு எலும்பு எடுத்துப்போகலாம் என்று கிளம்பும்போது போட்டிருந்தான். வெந்து நீறான எலும்பில் படிப்பதற்கு ஓர் எழுத்தும் மிஞ்சாது. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் போட்டிருந்தான்.

அதை வெளியே எடுக்கவில்லை.

எலும்பும் சாம்பலுமாக மண்கலயம் நிறைந்தது. வாயைத் துணியால் கட்டி ஏகாம்பரம் நீட்டினார்.

வாங்கினான். அடியில் ஒரு கை, கழுத்தில் ஒரு கை.

"அப்படிப் புடிச்சா நழுவிடும் தம்பி. நெஞ்சோட சேத்து நல்லா இறுக்கிப் புடிங்க."

அவன் தயங்கினான்.

"ஒண்ணும் ஆவாது. புடிங்க."

பிடித்தான்.

எதுவும் உடையவில்லை.