அத்தை பெட்டியில என்ன கனம்?

"எனக்குப் போதும்மா. பசிக்கல."

மாமியார் பாதிச் சாப்பாட்டுல தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டாங்க. இன்னைக்கும்.

மருமகளுக்குச் சுருக்குனு இருந்துச்சு. வெளிநாடு போறதுக்கு டிக்கெட் எடுத்ததுலேர்ந்து இதே கூத்துதான். அவ அடுப்புல எதையாவது வதக்க ஆரம்பிச்சா போதும், மாமியார் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு மாடிக்குப் போயிடுவாங்க.

"என் சமையல் உங்கம்மாவுக்குக் கசக்குது. அங்கே போய் ஒரே வீட்டுல எப்படிங்க காலம் தள்ளப் போறோம்?"

புருஷன் காதுல வாங்கினாத்தானே? அவன் வெல்டர். அங்கே வேலை கிடைச்சதே அவனுக்குத்தான். டிக்கெட் எடுத்த அன்னைக்கே கொக்கி வெச்ச தராசு ஒண்ணு வாங்கிட்டு வந்து, பெட்டி, செருப்பு, தலையணைன்னு கண்ணுல பட்டதையெல்லாம் தூக்கி நிறுத்துக்கிட்டு இருந்தான். விட்டா பெண்டாட்டியையும் கொக்கியில மாட்டியிருப்பான்.

அவளோட தையல் மெஷின் அன்னைக்கே பட்டியல்லேர்ந்து அடிபட்டுப் போச்சு.

"மேஜை வேணாங்க. மேல இருக்கிற மெஷினை மட்டுமாவது கழட்டி எடுத்துக்கலாம். அது இல்லாம அங்கே நாலு சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கவா?"

"முழுக்க இரும்புடி! எங்கம்மா ஏறினாலே பிளேன் ஒரு பக்கமா சாயும், இதுல உன் மெஷின் வேறயா? அங்கே போய் வாங்கிக்கலாம்."

'போய் வாங்கிக்கலாம்'னு அவன் சொன்ன எதையும் இதுவரைக்கும் போய் வாங்கினது கிடையாது.

மாமியாரும் அந்தக் கிண்டலுக்குச் சிரிச்சாங்க. அதுதான் அவளுக்கு இன்னும் எரிஞ்சுது.

இதுல மாமியாருக்கு ஜாக்கெட் வேற திருத்திக் கொடுக்கணும்.

"தோள்ல நிக்கலம்மா. கொஞ்சம் உள்ளே பிடிச்சுக் கொடேன்."

"போன வாரம்தானே அத்தை பிடிச்சேன்?"

"துணி விட்டுடுச்சு போல."

வெளிநாடுன்னதும் ஸ்டைலு வந்துடுச்சு பாருன்னு முணுமுணுத்துக்கிட்டே தைச்சுக் கொடுத்தா. கிளம்புறதுக்கு முந்தின நாள், எண்ணெய் போட்டுத் துடைச்சு, மெஷினை எதிர்வீட்டு அக்காகிட்ட ஒப்படைச்சா. திரும்பிப் பார்க்காம வந்துட்டா.

மறுநாள் டாக்ஸிக்காரர் மாமியார் பெட்டியைத் தூக்கினவர் அப்படியே கீழே வெச்சுட்டார்.

"என்னம்மா உள்ளே, பாறாங்கல்லா?"

"பத்திரமா தூக்குப்பா" என்றதோட மாமியார் நிறுத்திக்கிட்டாங்க. பெட்டிச் சாவி அவங்க இடுப்புல.

மருமகளுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 'என் மெஷினுக்கு இடமில்ல. இவங்க மட்டும் வேணுங்கறதை அடைச்சுக்கிட்டாங்க.'

ஏர்போர்ட் கவுண்டர்ல பெட்டி எடை போடற பெல்ட்டுல ஏறினதும் அங்கிருந்த பொண்ணு உதட்டைப் பிதுக்குனா.

"ரொம்பக் கூடுதுங்க. ஏதாவது எடுத்தே ஆகணும்."

"வீட்டுல நானே நிறுத்தேனே! என்னம்மா வெச்சே? சாவியைக் கொடு!"

வரிசையில நின்ன அத்தனை பேரும் பார்க்க, தரையில குந்தி அவன் பெட்டியைத் திறந்தான்.

அவன் அடுக்கின பாத்திரம், போர்வை, அவனோட கோட்டு, பூட்ஸ் எல்லாம் அப்படியே இருந்துச்சு. அம்மாவோட துணிமணியைத்தான் காணோம். ஒரே ஒரு புடவை. அந்தப் புடவையில குழந்தையைச் சுத்தின மாதிரி சுத்தி, தையல் மெஷின்.

மருமகள் குனிஞ்சு புடவையை விலக்கினா. அவளோட மெஷினேதான்.

"எதிர்வீட்டுல கேட்டு வாங்கிட்டேன்" என்ற மாமியார், செருப்பைக் கழட்டிட்டு, விறுவிறுன்னு பெல்ட்டு மேல ஏறப் போனாங்க.

"அம்மா, அம்மா! என்ன பண்றீங்க?" கவுண்டர் பொண்ணு பதறிப் போய் எழுந்துட்டா.

"என்னையும் சேர்த்து நிறுத்துப் பாரும்மா. நான் கனமா இருக்கேன், மெஷினை ஏத்த முடியாதுன்னு என் பையன்தான் சொன்னான். அதான் இளைச்சுட்டு வந்திருக்கேன். நான் குறைஞ்ச அளவுக்கு மெஷினை ஏத்திக்க. எங்க வீட்டுப் பொண்ணு அது இல்லாம சும்மா இருக்க மாட்டா."

வரிசையில யாரும் சிரிக்கல.

"ஆளை நிறுக்கறதில்லைங்கம்மா. பெட்டியை மட்டும்தான்..." அந்தப் பொண்ணுக்குக் குரல் இறங்கிப் போச்சு.

"அப்படியா? மொத்தமா நிறுப்பாங்கன்னு இல்ல நெனைச்சேன்" என்ற மாமியார் மகனைப் பார்த்தாங்க. மகன் தரையைப் பார்த்தான்.

அப்புறம் அவன் பெட்டியைக் கிளற ஆரம்பிச்சான். பெட்டியில இருந்த தடிக் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டான். அதுக்கு மேல இன்னொரு கோட்டு. பூட்ஸ் ரெண்டையும் லேஸால கட்டிக் கழுத்துல தொங்க விட்டுக்கிட்டான். பாத்திரத்தையெல்லாம் வழியனுப்ப வந்து வாசல்ல நின்ன சிநேகிதன்கிட்ட தள்ளிவிட்டுட்டு வந்தான். கடைசியா அந்தக் கொக்கித் தராசையும் எடுத்துக் குப்பைத் தொட்டியில போட்டான்.

பெட்டி போயிடுச்சு.

உள்ளே காத்திருக்கிற ஹால்ல உட்கார்ந்ததும், கண்ணாடிக்கு வெளியே அவ்வளவு பெரிய பிளேன் மேல ஏறுறதை எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மருமகள் மட்டும் மாமியாரையே பார்த்துக்கிட்டு இருந்தா. தொளதொளன்னு தொங்குற அந்தத் தோளை. டேப்பு வெச்சு அவளே அளந்த தோள். அளவெடுத்தாளே தவிர, பார்க்கவே இல்லையே!

காலையில கட்டிக்கிட்டு வந்த டப்பாவைத் திறந்து மாமியார் மடியில வெச்சா.

"எனக்காகவா அத்தை...? நான், என் சமையல்தான் உங்களுக்குப் பிடிக்கலன்னு..."

மாமியார் அதுக்குள்ள ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டாங்க.

"பிடிக்கலையா? நீ வதக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு மாடிக்கு ஓடினேனே, அந்தப் பாடு என் எதிரிக்கும் வரக் கூடாதும்மா. இன்னும் கொஞ்சம் வை."