மஞ்சள் புள்ளி

"அக்கா, அந்த மனுசன் இன்னைக்கும் மஞ்சப் புள்ளியத்தான் பொறுக்கிட்டுப் போறாரு. பாத்தியா இல்லியா?"

பக்கத்து ஜெராக்ஸ் கடை அருள்பாண்டி வாசலில் நின்று கேட்டான். கனகலட்சுமி பார்க்காமலா இருப்பாள்? பதினைந்து நாளாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்துப் பார்த்து வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

தெப்பக்குளத்துப் பக்கம் இட்லி மாவு என்றால் கனகலட்சுமி கடைதான். போன மாதம் அவள் புதுப் பாக்கெட்டுக்கு மாறினாள். மாவு உப்பினால் காற்று மட்டும் வெளியேற ஒரு சின்னத் துளை, மூலையில் நிறம் மாறுகிற ஒரு புள்ளி. மாவு பதமாக இருந்தால் புள்ளி பச்சை. புளிக்கத் தொடங்கினால் மஞ்சள். அன்றைக்கே சுட்டுத் தீர்த்துவிட வேண்டும். சிவந்துவிட்டால் குப்பைக்குத்தான். ஃப்ரிட்ஜில் வைத்தால் பத்து நாள் கெடாது என்று பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள்.

அண்ணா நகரில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் அந்தப் பாக்கெட்டைக் கேட்டிருக்கிறது. ஒரு மாதம் பார்ப்பார்களாம். ஒரே ஒரு புகார் வந்தாலும் வேண்டாம் என்றுவிடுவார்களாம். மாதம் முடிய இன்னும் ஆறு நாள்.

இந்த நேரம் பார்த்தா பட்டாபிராமன் வந்து சேர வேண்டும்! ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், பின் தெருவில் குடியிருக்கிறார். அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடையில் ஈ காக்கை இல்லாத பதினோரு மணிக்கு வருவார். ஃப்ரிட்ஜின் கண்ணாடிக் கதவைத் திறந்து, முன்னால் இருக்கிற பச்சைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மூலையில் கிடக்கிற ஒரு மஞ்சளை எடுப்பார். எடுத்தவர் போவாரா? மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டில் அச்சடித்திருப்பதை ஒரு எழுத்து விடாமல் முன்னும் பின்னும் படிப்பார். அப்புறம்தான் கல்லாவுக்கு வருவார்.

"மஞ்சளுக்கு நீ வெலகூடக் கொறைக்கலியேக்கா. நல்ல மாவு அம்புட்டு இருக்க, கெடப்போறத எதுக்கு எடுக்கணும்? வீட்டுல வச்சிருந்து, செவந்ததும் போட்டோ எடுப்பாரு. ஃபுட் ஆபீசருக்கு அனுப்புவாரு, பாத்துக்க."

"எனக்கும் அப்படித்தாண்டா தோணுது. மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கு."

"அமுக்குணியா இருக்குறவங்கதான்க்கா அம்புட்டும் செய்வாங்க."

சந்தேகம் வந்துவிட்டால் கும்பிட வந்தவரும் திருட வந்தவராகத்தானே தெரிவார்? மறுநாள் கடை திறந்ததும் கனகலட்சுமி மஞ்சள் விழுந்த பாக்கெட்டுகளை எல்லாம் எடுத்து உள்ளறையில் ஒளித்துவிட்டாள்.

பட்டாபிராமன் வந்தார். குனிந்தார். தேடினார். எல்லாம் பச்சை. ஒன்றைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெறும் துணிப்பையோடு படியிறங்கிப் போய்விட்டார். கொளுத்தும் வெயிலில் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான் நடந்துபோனார்.

"பாத்தியாக்கா? மாவு வேணும்னா வாங்கியிருப்பாருல்ல!" என்று சிரித்தான் அருள்பாண்டி.

அடுத்த நாளும் அதே கதை. தெருமுனைக்குப் போனவர் நின்று, கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நோட்டம் விடுகிறார் என்று கனகலட்சுமிக்கு நிச்சயமாகிவிட்டது.

மூன்றாம் நாள் அவர் ஃப்ரிட்ஜை மூடிவிட்டு நேராக அவளிடமே வந்தார்.

"ஏம்மா, மஞ்சப் புள்ளி வந்தது ஒண்ணுகூட இல்லையா?"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிவிட்டது.

"அதென்ன சார் அப்படி? ஊர்ல அம்புட்டுப் பேரும் பச்சையாப் பாத்து வாங்குறாக. ஒங்களுக்கு மட்டும் கெடப்போறதுதான் வேணுமாக்கும்? நான் ஒத்தப் பொம்பள. இம்புட்டுத் தூரம் வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எம் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் தெனமும் வாரீகளா? எந்த ஆபீசருக்குப் போட்டோ அனுப்பப் போறீக? சொல்லிட்டுப் போங்க!"

ஜெராக்ஸ் கடையிலிருந்து அருள்பாண்டி எட்டிப் பார்த்தான்.

பட்டாபிராமன் மிரண்டு போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்துக் காட்டினார்.

"இதுல போட்டோ எடுக்க வராதும்மா. வாங்கிண்டு போன மாவை அன்னிக்கே ரெண்டு வேளையும் தோசை வார்த்துத் தீத்துடுவேன். ஒரு சொட்டு வீணாக்கினதில்லை. உன் மாவைப் பத்தி நான் போய் யார்கிட்ட என்ன குறை சொல்லப்போறேன்?"

கனகலட்சுமியின் குரல் தானாக இறங்கியது.

"பெறகு எதுக்கு சார் மஞ்சளையே தேடுறீக? வீட்டுல எத்தன பேரு?"

"நான் ஒருத்தன்தான்."

"அப்ப இந்தாங்க, பச்சை. வச்சு வச்சுச் சுட்டுக்கலாம். பத்து நாளைக்குக் கெடாது. இந்த வெயில்ல தெனமும் நடந்து வர வேண்டியதில்ல."

அவர் கையை நீட்டவில்லை.

"அதாம்மா சங்கடம். பத்து நாள் கெடாத மாவு வீட்ல இருக்கறச்சே, நாளைக்கு நான் என்ன சாக்குச் சொல்லிண்டு இங்க வர்றது? 'சில்லறை இருக்கா சார்'னு நீ கேக்கறியே, நாள் முழுக்க என்கிட்ட ஒருத்தர் பேசறது அது ஒண்ணுதாம்மா."