குழாயடியில் சிரித்தவள்

புகைப்படக் கண்காட்சியில் ஒரு படத்தின் முன்னால் மரகதவல்லி அப்படியே நின்றுவிட்டாள். குழாயடியில் இடுப்பில் குடத்தோடு கேமராவைப் பார்த்துச் சிரிப்பவள் அவளுடைய அக்கா சௌந்தரம். அறுபத்தைந்து வருடங்களுக்கு முன், அந்தப் படம் எடுத்த அன்று மரகதவல்லியும் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தாள்.

"ஒரு படம் எடுத்துக்கலாமாம்மா?" என்று கேமராவோடு வந்த ஆள் கேட்டது அக்காவின் காதில் விழவில்லை. காது மந்தம் என்பது வெளியே தெரியாமலிருக்க, யார் எது பேசினாலும் அவள் சிரித்துவைப்பாள்.

படம் பத்திரிகையில் வந்தது. "கண்டவனைப் பாத்துப் பல்லைக் காட்டுற பொண்ணு எங்களுக்கு வேண்டாம்" என்று, நிச்சயம் செய்திருந்த வீட்டார் முறித்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லப்போன மரகதவல்லியின் வாயை அப்பா பொத்தினார்.

"செவிடுன்னு தெரிஞ்சா வேற எவன்டீ வருவான்?"

அப்புறமும் யாரும் வரவில்லை.

"அந்தக் காலத்துலயே எவ்வளவு தைரியமாச் சிரிக்கிறாங்க பாருங்க" என்று படத்தைக் காட்டிக் கல்லூரி மாணவிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள், கண்காட்சியைச் சுற்றிக்காட்டும் ஒரு பெண்.

"அவளுக்குக் காது கேக்காதும்மா" என்றாள் மரகதவல்லி.

"படத்துல அது எப்படிம்மா தெரியும்?" என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்.

மரகதவல்லி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். எங்கேயும் தெரியவில்லை. அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.