பதினோராவது ஆள்

தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. எங்கள் ஊர் பிசெர்த்தாவிலிருந்து எல்லை தாண்டி அல்ஜீரியாவின் அன்னாபா வரைக்கும் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்திருந்தோம்.

காது கேளாதோர் கால்பந்துப் போட்டிக்கு முன்னால், டாக்டர் அறை வாசலில் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றோம். பாதிப் பேர் கப்பல் பட்டறையில் காதைத் தொலைத்தவர்கள். மீதிப் பேர் பிறவியிலேயே.

காதில் ஹெட்போன் மாட்டுவார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். ஓர் அளவுக்கு மேல் கேட்கிறவன் ஆட முடியாது.

அந்த விதியை எழுதியது எங்கள் தலைவன் லஸ்ஹர். கேட்கிறவர்கள் உள்ளே புகுந்தால் நமக்கென்று ஒரு மைதானம் மிஞ்சாது என்பான். மூன்று வருடம் அலைந்து அல்ஜீரியாக்காரர்களையும் மொராக்கோக்காரர்களையும் சம்மதிக்க வைத்தவனும் அவன்தான்.

மூன்று நாட்டு அணிகளும் அன்று களத்தில் இறங்கினால் மறுநாள் மூன்று நாட்டுக்கும் பொதுவான எங்கள் சங்கம் பதிவாகும். ஓர் அணி குறைந்தாலும் இல்லை.

லஸ்ஹர் முதலில் உள்ளே போனான். வெளியே வந்ததும் ஜெர்சியைக் கழற்றினான்.

கோல்கீப்பர் மோன்ஜி என்னைக் காட்டி அவனிடம் சைகையில் பாய்ந்தான். "நீயும் இவனும் ஒரே கொதிகலனுக்குள்ள உக்காந்து சுத்தியல் அடிச்சவங்கதானே? இவனுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. உனக்கு மட்டும் எப்படிடா கேட்டுச்சு?"

"கேட்டுத் தொலைச்சிருச்சு. கையைத் தூக்கிட்டேன். அதுக்கு என்ன, கொல்லப் போறியா?"

தலைவன் பட்டையை லஸ்ஹர் என் கையில் கட்டிவிட்டான்.

மிச்சம் பதினோரு பேர். ஒருவர் குறைந்தாலும் அணி இறங்க முடியாது.

ஒவ்வொருவராகப் போனார்கள். பத்துப் பேரும் தேறினார்கள். கடைசியில் நான்.

டாக்டர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லஸ்ஹர், வெறும் பனியனோடு, என்னையே பார்த்தான்.

இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்திருந்தேன். எடுக்கவேயில்லை.

டாக்டர் முத்திரை குத்தினார்.

மொராக்கோவிடம் நாலு கோலில் தோற்றோம். மறுநாள் சங்கம் பதிவானது. அலுவலகத்தில் மாட்டியிருக்கும் படத்தில் நடுவில் நிற்பது நான். லஸ்ஹர் அதில் இல்லை. இப்போதும் ஒவ்வொரு போட்டிக்கும் வருகிறான், டிக்கெட் வாங்கிக்கொண்டு.

அன்று ஹெட்போனில் மூன்றாவது சத்தம் எனக்குக் கேட்டது. மெலிசாகத்தான். ஆனால் கேட்டது. நாலாவதும் கேட்டது.

இதை லஸ்ஹரிடம் சொல்ல வேண்டிய பாக்கி, பதினாறு வருடமாக அப்படியே நிற்கிறது.